வெள்ளச்சி மங்கும் நேரம்

மச்சான்,

இன்று காலை நாஷ்டா முடித்த கையோடு பீரோவின் மேல்தட்டில் இருந்த காக்கி உறையை எடுத்துப் பிரித்தேன். உள்ளே உன் சீட்டுகள், மொத்தம் அறுபத்துமூன்று. பிரித்ததும் ஃபர்னஸ் மேடையின் வாசனை வீடு முழுக்கப் பரவியது. இரும்புப் புகை, கிராஃபைட் தூள், கொஞ்சம் வேர்வை. அடுப்படியிலிருந்து உன் தங்கச்சி ரூபி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, எங்கண்ணன் வந்துக்கிறாரா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு உள்ளே போய் முகம் கழுவினாள்.

ஆமாம், வந்திருக்கிறாய் என்றுதான் எனக்கும் தோன்றியது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால் உனக்குப் பொறுக்காது. "முடிவ சொல்லு மாப்ள, கதை அப்பறம்" என்பாய். சரி, முடிவைச் சொல்கிறேன். நீ எழுதியது அத்தனையும் சரி. நான் அடித்தது அத்தனையும் தப்பு. நாம் ஜெயித்துவிட்டோம்.

இனி கதை. உனக்குத் தெரிந்த பாதியையும் சேர்த்தே சொல்கிறேன், எனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது.

நீ இருபது வருஷம் ஃபர்னஸ் மேடையில் நின்றாய். நான் அதே ஆலையில், ஐம்பதடி தள்ளி, ஏ.சி. போட்ட லேப் அறையில் உட்கார்ந்தேன். நீ உருக்குவாய், ஒரு கரண்டி எடுத்து வார்த்த சாம்பிள் வில்லை என்னிடம் வரும். அதைத் தேய்த்து மிஷினில் வைத்துப் பொறி பறக்க விடுவேன். பொறியின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, இதில் கரி இவ்வளவு, சிலிக்கான் இவ்வளவு என்று மிஷின் சொல்லும். "நான் வேகறேன், நீ வெளிச்சத்த பாத்து ஜோசியம் சொல்ற" என்று நீ கிண்டல் செய்வாய். உன் அப்பாவும் என் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் வெளிச்சத்தைப் படித்துச் சம்பளம் வாங்குகிறோம் என்பதில் உனக்கு ஒரு கர்வம் இருந்தது. எனக்கும்தான்.

ஆனால் உண்மையான ஜோசியக்காரன் நீதான். உருகிய உலோகத்தின் சூட்டை அளக்க நீளக் குச்சி ஒன்றை அதில் முக்குவார்கள். அதற்கு டிப் என்று பேர். டிப் போடுவதற்கு முன்னால் மேடையில் இருப்பவர்கள் உன் முகத்தைப் பார்ப்பார்கள். நீ நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, ஒரு நொடி குழம்பைப் பார்த்துவிட்டு, "ஆயிரத்தி ஐநூத்தி எண்பது" என்பாய். குச்சி எண்பத்திரண்டு காட்டும். "ரெண்டு டிகிரி குச்சி பொய் சொல்லுது" என்று நீ சொல்ல, கிரேன் மேலிருந்து முனுசாமி விசில் அடிப்பான். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. நிறம் ஏறினால் சூடு ஏறும். அந்தப் பாடத்தை உனக்கு யாரும் நடத்தவில்லை, நெருப்புதான் நடத்தியது.

வானத்துக்கு நாம் வந்ததும் அந்த வழியில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் ஒரு பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். பிள்ளைகள் நிலாவைப் பார்த்துக் கத்தின. நீ ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, காட்டியவரிடம், "இது ஆறாயிரம் டிகிரி இருக்குமா சார்? மஞ்சளா தெரியுது" என்று கேட்டாய். அவர் அசந்துபோனார். போகும்போது ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார். மின்னி மங்கும் நட்சத்திரங்களின் பட்டியல். அதில் ரோகிணிக்கு வடக்கே ஒன்று, பெயரில்லாமல் வெறும் எண்ணோடு இருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மங்கல். வெள்ளை நிறம், இரட்டை என்று மட்டும் குறிப்பு. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. எவ்வளவு பெரிய கருவியில் பார்த்தாலும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். ஒன்று மற்றதை மறைக்கும்போது புள்ளி மங்கும்.

"பேரு இல்லாம எப்பிடிக் கூப்பிடறது? வெள்ளச்சி" என்றாய். அப்படியே நின்றுவிட்டது.

தொலைநோக்கிக்கு ஆறு அங்குலக் கண்ணாடி வாங்கினோம். குழாய்க்கு பி.வி.சி. பைப், நிற்பதற்கு நீ வெல்டிங் செய்த ஆங்கிள் இரும்பு. அதன் கனத்தில் கவரைப்பேட்டையில் என் வீட்டு மாடியே இறங்கிவிடும் என்று ரூபி பயந்தாள். தெற்கே உருட்டாலைகளின் புகை, கிழக்கே ஹைவே வெளிச்சம். கடல்காற்று வீசும் நாளில் மட்டும் புகை மேற்கே போகும், வானம் கொஞ்சம் இடம் கொடுக்கும். நமக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு விதி வைத்தது நீ. எத்தனை மணிக்கு ஒருமுறை வெள்ளச்சி மங்குகிறாள் என்பது எங்கோ ஏற்கெனவே எழுதியிருக்கும்; போனில் தட்டினால் வந்துவிடும். "தட்டக் கூடாது. பின்பக்கத்துல விடைய பாத்துட்டு கணக்கு போடறதுல இன்னா கீது?" என்றாய். நம் கண்ணால் பார்த்து, நாமே கண்டுபிடிக்க வேண்டும். சத்தியம் செய்யச் சொன்னாய். டீ கிளாஸைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

பார்க்கும் முறை எளிது. அவளுக்குப் பக்கத்தில் மாறாத நட்சத்திரங்கள் இரண்டு. ஒன்று சற்று பிரகாசம், ஒன்று சற்று மங்கல். நடுவில் பத்துப் படி இருப்பதாக வைத்துக்கொண்டு, இப்போது அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று எழுத வேண்டும். சாதாரண நாளில் இரண்டாம் படியில் இருப்பாள். மறைப்பு நேரத்தில் ஒன்பது வரை இறங்குவாள். எனக்கு எப்போதும் பகல் வேலை, அதனால் சாயங்காலம் பார்ப்பேன். உனக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். இரண்டு மணி ஷிஃப்ட் வாரங்களில் இரவு பத்துக்கு வேலை விட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு, என் மாடிக்கு ஏறும்போது பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியிருக்கும். பார்த்து முடித்து, சாம்பிள் சீட்டின் பின்பக்கத்தில் தேதி, நேரம், படி மூன்றையும் எழுதி, மறுநாள் சாம்பிளோடு லேபுக்கு அனுப்பிவிடுவாய். நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று.

முதல் குளிர்காலத்திலேயே நீ ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டாய். மாடிப்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னாய்: "மாப்ள, ஒவ்வொரு தபாவும் சரி பாதியா கொறையுது. ஒண்ணு மறைச்சாலும் பாதி, இன்னொண்ணு மறைச்சாலும் பாதி. அப்பிடின்னா ரெண்டும் ஒரே சைஸு, ஒரே சூடு. இரட்டப் புள்ளைங்க." புத்தகம் பார்க்காமல், கணக்குப் போடாமல், கடலையை உரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை அது. வெள்ளை என்றால் எவ்வளவு சூடு என்று நான் கேட்டபோது, நம் ஃபர்னஸை நினைத்துச் சிரித்தாய். "நம்மளுது ஆயிரத்தி அறுநூறு. வெள்ளச்சி ஒம்பதாயிரத்துக்குக் கொறையாது. அவள ஊத்தணும்னா பாத்திரத்துக்கு எங்க போறது?"

இப்போது வெட்கமான பகுதிக்கு வருகிறேன்.

இரண்டாம் குளிர்காலத்தின் நடுவில், உன் சீட்டுகளையும் என் குறிப்புகளையும் சேர்த்து, எல்லாவற்றையும் தேதிவாரியாக வரிசைப்படுத்தி வரைபடம் போட்டேன். இறக்கங்கள் சீரான இடைவெளியில் வர வேண்டும். வரவில்லை. எந்த இடைவெளியை வைத்துப் பார்த்தாலும் புள்ளிகள் வாரி இறைத்த பொரியாகத்தான் கிடந்தன. என் இறக்கங்கள் நான்கு, உன்னுடையவை பதினொன்று. என்னுடைய நான்கும் தங்களுக்குள் ஒத்துப்போயின. உன்னுடையவை சேர்ந்தால் எல்லாம் குலைந்தது. அந்தச் சமயம் பார்த்து ஆலையில் வருடாந்தரக் கண் பரிசோதனை. இடது கண்ணில் லேசாகப் புரை விழத் தொடங்குகிறது, நெருப்பைப் பார்க்கிறவர்களுக்கு வருவதுதான் என்று டாக்டர் உன்னிடம் சொன்னார். நீ வந்து என்னிடம் சொன்னாய். எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

மாடியில் வைத்துச் சொன்னேன்: "உன் கண்ணு ஃபர்னஸ்ல வெந்துபோச்சு மச்சான். இல்லாத எறக்கத்த எல்லாம் பாத்துக்கினு கீற." நீ எப்போதும் வலது கண்ணால்தான் தொலைநோக்கியில் பார்ப்பாய். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. நீ தொலைநோக்கியின் மூடியைப் போட்டாய். பிறகு, "நான் பாத்தத எழுதுனேன். நீ அடிக்கணும்னா அடிச்சிக்கோ. நான் ஒண்ணும் மாத்தி எழுத மாட்டேன்" என்றாய். அன்றே உன் பதினோரு இறக்கங்களையும் கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு போட்டு அடித்தேன். மிச்சமிருந்த என் நான்கை வைத்து ஒரு கணக்குப் போட்டு, இன்ன தேதியில் மங்குவாள் என்று சொன்னேன். அன்று அவள் மங்கவே இல்லை; நான்கே புள்ளிக்கு எத்தனையோ இடைவெளி பொருந்தும். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதோடு விட்டேனா? கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் சிரிக்க வேண்டும் என்பதற்காக, "நம்ம மெல்ட்டர் கண்ணுக்கு வானத்துலயே ஓட்ட தெரியுது" என்று சொன்னேன். சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அடுத்த வாரத்திலிருந்து ஷிஃப்ட் இன்சார்ஜ் நீ உருக்கும் ஹீட்டுக்கு மட்டும் இரண்டு முறை டிப் போடச் சொன்னார். மேடையில் யாரும் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குச்சியைப் பார்த்தார்கள். நான் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்து அதைப் பார்த்தேன். நான் சொன்ன ஒரு வார்த்தை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்று எழுதலாம். ஆனால் போன பிறகாவது திரும்ப எடுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

நீ சீட்டு அனுப்புவதை நிறுத்தவில்லை, மச்சான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கோபத்தில் பேசாமல் இருந்த வாரங்களிலும் சாம்பிளோடு சீட்டு வந்தது. தேதி, நேரம், படி. அடியில் ஒரு வார்த்தை கிடையாது. நான் அதை ஏற்றுவேன். இறக்கம் வந்தால் அடிக்கத்தான் காத்திருந்தேன், அதன் பிறகு எதுவும் வரவில்லை.

அந்த ஜூலையில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, தண்ணீர் கேட்டு, உன் எஸ்தர் கொண்டு வருவதற்குள் போய்விட்டாய். நெஞ்சு என்றார்கள். உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனபோது ஆலையிலிருந்து இரண்டு வண்டி ஆட்கள் வந்தார்கள். நான் உன் கால்மாட்டில் நின்றேன். எஸ்தர் அழுகைக்கு நடுவில் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, கடைசி நாளு வரைக்கும் தெனம் கண்ணுக்கு மருந்து ஊத்திக்கினாரு. கண்ணு போச்சுன்னு நெனச்சிக்கினே பூட்டாருண்ணே." அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கண் போச்சு என்று சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது.

இந்த ஜனவரியில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஒரு பெண் வந்தார். எல்லாக் காகிதத்தையும் புரட்டுகிற ரகம். ஹீட் பதிவேட்டில் விரலை வைத்து என்னிடம் கேட்டார்: "சார், இந்த ஹீட் அதிகாலை ரெண்டு பத்துக்கு ஊத்திருக்கீங்க. தேதி பதினாறுன்னு போட்டிருக்கு. பதினேழுதானே வரணும்?"

இந்தக் கேள்விக்கு இருபது வருஷமாகப் பதில் சொல்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். "மேடம், எங்க நாளு காலைல ஆறு மணிக்குத்தான் பொறக்கும். ஆறுக்கு முன்னாடி ஊத்துனது எல்லாம் முந்தின நாள் கணக்கு. ராத்திரி ஷிஃப்ட்டுக்காரன் முந்தின நாள்தானே உள்ள வந்தான்? பாதி ஷிஃப்ட்டுல தேதி மாத்துனா எல்லாம் பேஜாராயிடும்."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் பதிவேட்டில் அந்தத் தேதியையே திரும்பப் பார்த்தேன். "இன்னாச்சு சார்?" என்று பக்கத்தில் இருந்தவன் என் தோளைத் தொட்டான். நீ ஃபர்னஸ் மேடையில் இருபது வருஷம் தேதி எழுதியவன். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் பார்த்துவிட்டு, என்ன தேதி போட்டிருப்பாய்? முந்தின நாள் தேதிதான். உனக்கு விடியும்வரை நாள் மாறாது. காலண்டர் தேதி போடுகிறவன் பகல் வேலைக்காரன், அதாவது நான். உன் சீட்டுகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்றி வரிசைப்படுத்தியபோது, அது நள்ளிரவுக்குப் பிந்திய உன் பார்வைகளை எல்லாம் முழுசாக ஒரு நாள் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதே பதிவேட்டை நானும் தினமும் பார்க்கிறேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள், கழுதை நான்தான்.

அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். உன் பதினோரு இறக்கங்களில் ஒன்பது நள்ளிரவுக்குப் பின் எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. அப்புறம் இடைவெளியைத் தேடினேன். முப்பத்திரண்டரை மணி நேரத்தில் எல்லாம் போய் உட்கார்ந்தது. உன் பதினொன்றும் என் நான்கும், பதினைந்தும் ஒரே கோட்டில் சேர்ந்தன. கூடத்தில் தனியாக நின்று கை தட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆனாலும் எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. நீ சரி என்று வர வேண்டும் என்ற ஆசையில் நான் எதையும் பார்த்துவிடுவேன். போனில் தட்டி விடையைப் பார்த்திருக்கலாம். டீ கிளாஸ் சத்தியம் தடுத்தது. வானத்திடமே கேட்பது என்று முடிவு செய்தேன். அடுத்து சாயங்காலத்தில் விழும் இறக்கம் எது என்று கணக்குப் போட்டால் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வந்தது. ஏழு மணிக்குள் இறங்கத் தொடங்கி, ஒன்பதரைக்கு அடிமட்டம் தொட்டு, மறுபடி ஏற வேண்டும். அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி மடித்து ரூபியின் கையில் கொடுத்தேன். பிறகு எஸ்தரைக் கூப்பிட்டேன்.

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேன்டீன் பேச்சு, சிவப்புக் கோடு, இரண்டு டிப், எல்லாம். சொல்லி முடித்தபோது அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மாடிக்கு எப்ப ஏறணும்ணே?" என்றாள்.

அன்று கடல்காற்று நன்றாக அடித்தது. எஸ்தர்தான் பார்த்தாள். எப்போது மங்கும் என்று அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. படிக்கணக்கை மட்டும் கற்றுக் கொடுத்தேன். கால் மணிக்கு ஒருமுறை அவள் கண்ணை வைத்துச் சொல்ல, நான் எழுதினேன். ஆறே முக்காலுக்கு "ரெண்டு" என்றாள். ஏழேகாலுக்கும் "ரெண்டு". கணக்குப்படி இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். ஏழரைக்கு, "ரெண்டுதாண்ணே... இல்ல, இரு. மூணு" என்றாள். எட்டுக்கு நான்கு. எட்டரைக்கு ஆறு. அவள் குரல் மாறத் தொடங்கியது. "அண்ணே, நெஜமாவே கொறையுதுண்ணே." ஒன்பதுக்கு எட்டு. ஒன்பதரைக்கு ஒன்பது. ஒன்பதே முக்காலுக்கும் ஒன்பது. பத்துக்கு அவள் கத்தினாள்: "எட்டு! ஏறுது! ஏறுதுண்ணே!"

ரூபி தாளைப் பிரித்து டார்ச் வெளிச்சத்தில் படித்தாள். "ஒன்பதரை அடிமட்டம்." படித்துவிட்டு, "எங்கண்ணன்டா!" என்று வானத்தைப் பார்த்துக் கூவினாள். மூன்று பேரும் மாடியில் குதித்தோம். இத்தனை வருஷமாக இறங்கிவிடும் என்று அவள் பயந்த மாடி அசையவில்லை. எதிர் வீட்டிலிருந்து ஒருவர், "மேட்ச்சு யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார். "நாங்கதான்!" என்றாள் எஸ்தர்.

அதற்குப் பிறகுதான் போனைத் தட்டினேன். விடை இருந்தது. பெரிய பெரிய கருவிகள் பார்த்து எழுதிய விடை. நமக்கும் அதற்கும் வித்தியாசம் ஐந்து விநாடி. முப்பத்திரண்டரை மணி நேரத்தில் ஐந்து விநாடி, மச்சான்! மற்றதும் இருந்தது. இரண்டும் வெள்ளை. இரண்டின் சூடும் ஒன்பதாயிரத்தை ஒட்டி. ஒவ்வொன்றும் நம் சூரியனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, ஒவ்வொன்றும் சுமார் இருபது சூரியன் வெளிச்சம். நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் பதினாறில் ஒரு பங்கு இடைவெளியில், கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு சுற்றுகின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம் என்பதால்தான் இவ்வளவு மங்கல். சைஸ் ஒன்று, சூடு ஒன்று என்று அங்கே எழுதியிருந்ததைப் படித்தபோது, வேர்க்கடலைத் தோலை நீ ஊதிவிட்டது ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். உன்னையும் என்னையும் அந்த இரண்டோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுத வந்தது. நீ இருந்தால் "சினிமா வசனம் பேசாத" என்பாய். விட்டுவிட்டேன்.

நட்சத்திரம் பார்க்கிறவர்களின் குழு ஒன்றுக்கு நம் குறிப்புகளை எல்லாம் அனுப்பினேன். சிவப்புக் கோட்டை எல்லாம் எடுத்துவிட்டு, தேதியைத் திருத்தி, ஒவ்வொரு வரிக்கும் பார்த்தவர் பெயரைப் போட்டேன். அறுபத்துமூன்று வரிகளில் உன் பெயர். ஒரு வாரத்தில் பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தார்கள்: 'இரண்டாம் பார்வையாளரின் மதிப்பீடுகள் முதலாமவருடையவற்றைவிட மிகச் சீராக இருக்கின்றன. அபூர்வமான கண். அவரைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.'

எஸ்தருக்குப் படித்துக் காட்டினேன். மூன்று தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "என்கிட்ட படிச்சா போதாதுண்ணே. எங்க அந்த வார்த்தைய சொன்னீங்களோ அங்க போய் படிங்க" என்றாள்.

அதைவிட நியாயமான தீர்ப்பு கிடையாது. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, ஒரு ஷிஃப்ட் போய் ஒரு ஷிஃப்ட் வரும் நேரம், கேன்டீனில் இரண்டு கூட்டமும் இருக்கும்போது பெஞ்சு மேல் ஏறினேன். போன வருஷம் நான் பேசியது பொய் என்றேன். எப்படித் தப்பு செய்தேன் என்று சொன்னேன். ஆறு மணிக்குப் பிறக்கும் நாள் என்றதும் ஃபர்னஸ்காரர்கள் எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது; விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "அட, அது தெரியாதா சார் உனக்கு?" என்று ஒருவன் கேட்க, கேன்டீனே என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அது தேவைதான். பிறகு மெயிலைத் தமிழில் படித்தேன். 'அபூர்வமான கண்' என்ற இடத்தில் சத்தம் அடங்கியது. முனுசாமி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான் பார், தகரக் கூரை அதிர்ந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "ரெண்டாவது டிப்பு போடச் சொன்னது நான்தான். அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம விட்டுட்டேன்" என்றார். இரண்டு ஷிஃப்டும் எழுந்து நின்று தட்டில் கரண்டியால் அடித்த சத்தம், ஐந்து நிமிஷம் நிற்கவில்லை. அந்த ஆலையில் யாருக்கும் அப்படி அடித்து நான் கேட்டதில்லை.

குழுவுக்கு நேற்றுதான் பதில் எழுதினேன். இரண்டாம் பார்வையாளர் இறந்துவிட்டார், முதலாமவர் தொடர்ந்து பார்ப்பார் என்று எழுதினேன். எஸ்தரும் சேர்ந்து பார்க்கிறாள். அவள் படி சொல்வது இப்போதே என்னைவிடத் தேவலை.

மன்னிப்பு என்று தனியாக எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ வேறு பேச்சு பேசுவாய். என்னிடம் இப்போது இருப்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அடுத்த செவ்வாய் என்றாலும், அடுத்த வருஷம் என்றாலும், நம் பிள்ளைகளின் பிள்ளைகள் கிழவர்களாகும் ஒரு நாள் என்றாலும், வெள்ளச்சி எத்தனை மணிக்கு மங்குவாள் என்று யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். நான் சொன்ன நேரத்துக்கு அவள் மங்குவாள். அந்த நேரத்தைக் கண்டுபிடித்தது உன் கண், மச்சான்.

உன் மாப்ள